வெருகும் வீட்டுக்கோழியும்

வெருகு என்பது காட்டுப்பூனையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். வீட்டுக்கோழியை இரவில் வேட்டையாடும் விலங்காகச் சங்கப் பாடல்கள் இதனைக் காட்டுகின்றன.

காஞ்சிக்குச் செல்லும் வழியில்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் பெரும்பாணாற்றுப்படை. காஞ்சிக்குச் செல்லும் பாணருக்கு மருதநில உழவர் வீடுகளில் வெண்ணெல் சோறும் கோழிக்கறியும் கிடைக்கும் என்கிறது இந்நூல். அந்தணர் வீடுகளைக் கோழியும் நாயும் நெருங்குவதில்லை என்றும் கூறுகிறது.

இரவுக் காவல்

குறுந்தொகை 139ஆம் பாடலை இயற்றியவர் ஒக்கூர் மாசாத்தியார். மாலையில் வேலியருகே வெருகு வர, புகுமிடம் அறியாது திரண்ட குஞ்சுகளைப் பேடை கூவி அழைப்பதை இப்பாடல் உவமையாக்குகிறது. புறநானூறு 326இல் வெருகுக்கு அஞ்சி இளம்பேடை அலறுகிறது. பஞ்சு நூற்கும் பெண் ஏற்றிய சிறுவிளக்கின் ஒளியில் சேவலைக் கண்டு அமைதியடைகிறது. குறுந்தொகை 107இலோ, விடியலில் கூவித் துயிலெழுப்பிய சேவலை வெருகுக்குட்டிக்கு இரையாகுமாறு தலைவி சபிக்கிறாள்.

இன்று

பொழுது சாயும் நேரமே ஆபத்தானது என்பது இன்றும் மாறவில்லை. மூங்கில் சிம்புகளால் முடைந்த பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழிகளை மூடிவைப்பது தமிழகச் சிற்றூர் வழக்கம். பகலில் பருந்து, கீரியிடமிருந்தும் அது குஞ்சுகளைக் காக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பூனையைக் கொல்வதைத் தடுக்கிறது. எனவே அந்திக்கு முன் கோழிகளை அடைப்பதே இரண்டு உயிர்களையும் காக்கும் வழி.