முதல் வேலை தருபவர் எதைப் பார்த்து நம்புவார்?

போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் இளைஞர்கள் பலர் தொழில் பழகிய இடம் அரசசார்பற்ற நிறுவனங்கள்தான். 2009க்குப் பின் மீள்குடியேற்றம், வீடமைப்பு, வாழ்வாதாரம், கண்ணிவெடி அகற்றல் என்று திட்டங்கள் வந்தன. கள உத்தியோகத்தர்களாகவும் தரவு சேகரிப்பவர்களாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் அவற்றில் சேர்ந்தார்கள். நிதி குறைய அலுவலகங்கள் மூடப்பட்டன. அனுபவம் இருந்தும் வேலை இல்லாமற்போனவர்களில் சிலர் இப்போது சுயாதீன ஆலோசகர்களாக இயங்கத் தொடங்கியிருக்கிறார்கள். செய்தி எழுதுவதோடு நிறுவனங்களுக்கு ஆவணமாக்கல் வேலையும் செய்து வருவதால் நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

அலுவலகத்தில் இருந்தபோது நிறுவனத்தின் பெயரே எங்களுக்காகப் பேசியது. தனியே போய் நிற்கும்போது கூட்டுறவுச் சங்கத் தலைவியும் சரி, திட்ட முகாமையாளரும் சரி, கேட்பது ஒன்றைத்தான்: "இதுக்கு முதல் இந்த வேலையை எங்க செய்தனீங்கள்?" இந்தக் கேள்விக்குக் கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பதில்களே ஆலோசகரின் விற்பனைக் கருவிகள். அவை பளபளப்பாக இருக்கத் தேவையில்லை. எதிரில் இருப்பவர் தானே விசாரித்துச் சரிபார்க்கக்கூடியதாக இருந்தால் போதும்.

ஒரு பக்க அறிமுகம்

முதலாவது கருவி, ஒரே பக்கத்தில் அமைந்த சேவை அறிமுகம். யாருக்கு, எந்தப் பிரச்சினையில், என்ன செய்து கொடுப்பீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். "வாழ்வாதார ஆலோசகர்" என்று போட்டால் யாருக்கும் எதுவும் விளங்காது. "பால் சேகரிப்புச் சங்கங்களுக்கு நாளாந்தக் கணக்குப் பதிவை ஒழுங்கமைத்து, பொருளாளருக்குப் பயிற்சியும் கொடுப்பேன்" என்றால் சங்கக்காரருக்கு உடனே விளங்கும். வேலை தருபவர் எந்த மொழியில் வாசிப்பாரோ அந்த மொழியில் இதைத் தயாரியுங்கள். கிராமச் சங்கத்திடம் ஆங்கிலத் தாளை நீட்டினால் அது மேசையிலேயே கிடந்துவிடும்.

தனிப் பெயரொன்றில் தொழில் செய்வதானால், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்து பதிவிலக்கத்தையும் அதில் சேர்க்கலாம்.

வேலைக் குறிப்பு

இரண்டாவது, முடித்த வேலை ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் குறிப்பு. என்ன சிக்கல் இருந்தது, நீங்கள் எதைச் செய்தீர்கள், பிறகு என்ன மாறியது, இதை யாரிடம் கேட்டு உறுதிப்படுத்தலாம் என்ற நான்குக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். "500 குடும்பங்களின் வாழ்வை உயர்த்தினேன்" என்பதை யாரும் நம்பப் போவதில்லை. "500 குடும்பங்களின் தரவுப் படிவங்களைச் சரிபார்த்தேன்" என்பதை நம்புவார்கள். அன்றைய மேற்பார்வையாளரிடம் கேட்டு உறுதிப்படுத்தவும் முடியும்.

ஆவணம் அழிந்தவர்களுக்கு

இந்த இடத்தில் எம்மவர்களுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. 2008 செப்டெம்பரில் அரசாங்கத்தின் உத்தரவையடுத்து ஐ.நா. அமைப்புகளும் சர்வதேச நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறின. அதற்கு முன் அவற்றில் வேலை செய்த பலரிடம் இன்று சேவைச் சான்றிதழ் இல்லை. இருந்த கோவைகளும் இடப்பெயர்வில் போய்விட்டன. சில நிறுவனங்களே இப்போது இல்லை.

சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளின் உறுதிப்படுத்திய பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையவழியில் விண்ணப்பித்துப் பெறலாம். வேலை அனுபவத்தை மீட்க, கூட வேலை செய்தவர்களைத் தேடுங்கள். வெளிநாட்டில் இருந்தாலும் பரவாயில்லை. எந்த ஆண்டு, எந்தக் கிராமத்தில், என்ன பொறுப்பில் இருந்தீர்கள் என்று அவர் மின்னஞ்சலில் எழுதும் நான்கு வரிகள், விசாரிக்க ஆளே இல்லாத சான்றிதழை விடப் பயன் தரும். அதுவும் கிடைக்காதவர்கள் இன்றைக்குப் புதிதாக ஒன்றைச் செய்து காட்டலாம். ஒரு சங்கத்துக்கு இரண்டு நாட்களில் முடியக்கூடிய சிறு வேலையைக் குறைந்த கட்டணத்தில் செய்து, அதைக் குறிப்பாக எழுதி, தலைவரின் ஒப்பத்தையும் வாங்குங்கள்.

மாதிரி வேலையில் மறைக்க வேண்டியவை

"எழுதியதைக் காட்டுங்கோ" என்று கேட்பார்கள். அப்போது பழைய மதிப்பீட்டு அறிக்கையை அப்படியே அனுப்பிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த அறிக்கையில் காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி இருக்கிறார். தடுப்பிலிருந்து வந்த இளைஞன் இருக்கிறான். கால் இழந்த சிறுமியின் படம் இருக்கிறது. அவர்கள் அன்றைய திட்டத்தை நம்பிப் பேசினார்கள். எங்கள் தொழிலுக்கு விளம்பரமாகவென்று பேசவில்லை. பெயரும் ஊரும் படமும் வெளியே போனால் விசாரணைக்கு ஆள் வருவது அவர்களின் வீட்டுக்குத்தான், ஆலோசகரின் வீட்டுக்கு அல்ல.

எனவே மாதிரிக்கென்று தனிப் பிரதி ஒன்றைத் தயாரியுங்கள். பெயர், கிராமம், படம் எல்லாவற்றையும் நீக்குங்கள். ஊரில் ஒருவருக்கு மட்டுமே நடந்த சம்பவம் என்றால் பெயரை எடுத்தாலும் ஆள் தெரிந்துவிடும். அந்தப் பகுதியையே விட்டுவிடுங்கள். அறிக்கை நிறுவனத்தின் உடைமையாக இருந்தால் அவர்களின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். "முழு அறிக்கையைத் தர முடியாது, அதில் மக்களின் தனிப்பட்ட விபரங்கள் உள்ளன" என்று சொல்வதால் நல்ல வாடிக்கையாளர் எவரும் விலகிப் போகமாட்டார். நாளைக்குத் தனது தரவும் இவரிடம் பத்திரமாக இருக்கும் என்றே நினைப்பார்.

முன்மொழிவும் விலையும்

நான்காவது, எழுத்துமூல முன்மொழிவு. இரண்டு பக்கம் போதும். தேவையை நீங்கள் விளங்கிக்கொண்ட விதம், படிமுறைகள், எத்தனை நாட்கள், இறுதியில் என்ன கையளிப்பீர்கள், எது இதில் அடங்காது, கட்டணம், முற்பணம் ஆகியவை இருக்கட்டும். "எது அடங்காது" என்ற வரியை எழுதிவைத்தால் பிற்பாடு வரும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை வராது.

நாட்கட்டணத்தைப் பழைய சம்பளத்தை 30ஆல் பிரித்துக் கணக்கிடாதீர்கள். மாதம் 90,000 ரூபா தேவைப்படும் ஒருவருக்கு 10 நாட்களுக்கே வேலை கிடைக்குமானால், நாளுக்கு 9,000 ரூபா வேண்டும். போக்குவரத்தும் இணையச் செலவும் அதற்கு மேல். 2023 ஜனவரியில், மாதமொன்றில் 1 இலட்சம் ரூபாவுக்கு மேற்படும் தொழில்சார் சேவைக் கட்டணங்களில் 5 சதவீத நிறுத்திவைத்தல் வரி கழிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் பெற்றுக்கொள்ளுங்கள். வரி கழித்ததற்கான சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்த கிழமையிலேயே

கடைசியாக, பரிந்துரை. வேலை முடிந்த கிழமையிலேயே கேளுங்கள், ஆறு மாதம் கழித்து முகாமையாளர் மாறியிருப்பார். "நல்லவர், வல்லவர்" என்ற புகழ்ச்சியால் பயனில்லை. "முன்பிருந்த நிலை என்ன, இப்போது எது இலகுவாகியிருக்கிறது என்று இரண்டு வசனம் எழுதித் தாங்கோ" என்று கேட்டால் எழுதுபவருக்கும் சுலபம். அவரது பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அடுத்தவரிடம் கொடுக்கலாமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தையும் ஒரே நாளில் செய்து முடிக்கத் தேவையில்லை. இந்தக் கிழமை ஒரு பக்க அறிமுகத்தையும் ஒரேயொரு வேலைக் குறிப்பையும் எழுதுங்கள். பிறகு உங்களை அறிந்த மூவரிடம் வாசிக்கக் கொடுத்து, இதில் எந்த வரியை நம்பக் கடினமாக இருக்கிறது என்று கேளுங்கள். அந்த வரியை வெட்டிவிட்டு, மிகுதியோடு முதல் வாடிக்கையாளரிடம் போகலாம்.