எலும்பில் இருந்தது கிருமி, பாவம் அல்ல

ராஜஸ்தான் பாலத்தலில் தோண்டியெடுத்த ஓர் ஆணின் எலும்புக்கூடு சுமார் 4,000 ஆண்டுகள் பழையது. மூக்கைச் சுற்றி எலும்பு அரித்திருந்தது. 2009இல் குவென் ராபின்ஸ் குழு அதைத் தொழுநோய் என்றது. எலும்பு காட்டுவது கிருமியின் தடத்தைத்தான். ஆனால் சாதிக்குச் சொன்ன அதே முன்வினைக் கதையை இந்த நோய்க்கும் சொன்னார்கள்.

1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் யாரைப் பிடித்து அடைத்தது? பிழைக்க வழியற்ற ஏழை நோயாளியை. வாரண்ட்கூட வேண்டாம். வசதி படைத்தவரை அது அடைக்கவில்லை. அந்தச் சட்டம் ஒழிந்ததே 2016இல்தான்!

ஒரகடத்திலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் போனால் திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் நிறுவனம் இருக்கிறது. கம்பெனித் தோழர்களிடம் நாங்கள் சொல்வது இதுதான்: உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் உடனே காட்டுங்கள், மருந்து இலவசம். அதற்காக விடுதி அறையில் யாரையாவது ஒதுக்கினால் விடாதீர்கள், கேளுங்கள்.