சேதுக் காசின் நாணயம்

'நாணயம்' என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். பழங்காசை ஆராய்பவர் இவ்விரண்டையும் ஒருங்கே தேட வேண்டியவராகிறார், நேயர்களே.

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக் காசுகளில் ஒருபுறம் நிற்கும் மனித உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் நந்தியும், அதன் கீழே 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் காணப்படும். கேகாலை மாவட்டத்துக் கொட்டகமக் கல்வெட்டும் இதே சொல்லுடன்தான் தொடங்குகிறது. 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அந்த அரசுக்கு எஞ்சிய சான்றுகள் சிலவே. ஆதலால் அவ்விரண்டு எழுத்துக்கும் பெறுமதி மிகுதி.

தேய்ந்த காசுக்கோ விலை குறைவு. எனவே மங்கிய எழுத்தைச் சிற்றுளியால் கூர்மையாக்கி விற்போரும் உளர். அச்சிட்ட எழுத்து, தளத்திலிருந்து இயல்பாக மேலெழுந்து நிற்கும். உளி பட்டதாயின் எழுத்தைச் சுற்றியுள்ள தளம் பள்ளமாகச் சுரண்டப்பட்டிருக்கும். அங்கே பழைய களிம்பு அறுந்து செம்பு பளிச்சிடும். பூதக்கண்ணாடியைப் பிடித்து, காசைச் சாய்வான வெளிச்சத்திற் பார்த்தால் இது புலனாகும். வார்த்தெடுத்த போலியிலே விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், முகத்தில் நுண்துளைகளும் தெரியக்கூடும்.

செப்புக் குடத்தைத் துலக்குவது போலக் காசைப் புளியிட்டுத் துலக்குதல் ஆகாது. களிம்போடு சான்றும் கழுவப்பட்டுவிடும்.

தெளிவில்லாத எழுத்தைத் தெளிவில்லாதது என்றே குறித்து வைப்போம். செதுக்கிய எழுத்தை ஒருமுறை நம்பி வரலாறு எழுதிவிட்டால், பின்னர் மெய்யான சேதுக் காசும் ஐயத்துக்குள்ளாகும்.