நிலமும் பெயரும்



பொன்னி, காவேரி, முல்லை, மலையப்பன் என்னும் பெயர்களைக் கேட்ட அளவில் நம் உள்ளத்தில் ஓர் ஆறோ, ஒரு கொடியோ, ஒரு குன்றோ தோன்றுகிறது. ஐவகை நிலம் வகுத்து வாழ்வைப் பாடிய மரபினர் தம் மக்கட்கு நிலத்தின் பெயரைச் சூட்டியதில் வியப்பில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழைக் கடற்கரையில் கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம் முதலிய ஊர்கள் உள்ளன. அப்பகுதிகளில் கௌசர், மர்வா, ரியாஸ், பிர்தௌஸ், தஸ்னீம் என்றாற்போன்ற பெயர்களும் நம் செவியில் விழும். அவை அரபுப் பெயர்கள் என்று சொல்லி நாம் அப்பால் நகர்ந்துவிடுகிறோம். அப்பெயர் தாங்கிய பிள்ளைகளிலும் பொருள் உணர்ந்தோர் பலரல்லர். அவையும் குன்றும் சுனையும் சோலையுமே என்பதை இன்று எடுத்துரைக்க விழைகிறேன்.

முதலில் நீரின் பெயர்களைக் காண்போம். கௌசர் என்பது மிகுதி, வளம் என்னும் கருத்தில் பிறந்த சொல். சுவர்க்கத்து நீர்நிலை ஒன்றின் பெயராக வழங்குவது. திருக்குர்ஆனின் 108ஆம் அத்தியாயம் இப்பெயர் கொண்டது. மூன்றே வசனங்கள் உடையது. தஸ்னீம், ஸல்ஸபீல் ஆகிய இரண்டும் சுவர்க்கத்து ஊற்றுகள். ஜன்னத் என்றால் தோட்டம். மரங்கள் அடர்ந்து நிலத்தை மறைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். ரியாஸ் என்பது தோட்டங்கள் எனப் பன்மைப் பொருள் தருவது. சவூதி அரேபியாவின் தலைநகர் ரியாத் என வழங்குவதும் இதே சொல்தான். பிர்தௌஸ் மட்டும் அரபு மொழிக்கு வந்து சேர்ந்த விருந்தாளி. மதில் சூழ்ந்த தோட்டம் என்று பொருள்படும் பழைய ஈரானியச் சொல் ஒரு பக்கம் அரபுக்கும், மறுபக்கம் கிரேக்கத்தின் வழியாக ஆங்கிலத்துக்கும் சென்றது. ஆங்கிலேயர் கூறும் ‘பாரடைஸ்’ இதன் உடன்பிறப்பே.

வறண்ட நாட்டார் தம் குழந்தைக்கு நீரின் பெயரை நாடுவது ஏன் என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. புதுக்கோட்டைச் சீமையும் பேராறு பாய்ந்து செழித்த நாடன்று. வெள்ளாறு ஓடுகிறது, ஆனால் ஆண்டு முழுதும் ஓடுவதில்லை. மழையை நம்பிக் கண்மாய் வெட்டிக் காத்த மக்கள் இங்கு வாழ்ந்தவர்கள். சித்தன்னவாசல் குன்றில் நாவற்சுனை என்றொரு சுனை உண்டு. வெயிலில் பாறை ஏறிச் சென்று அந்நீரைக் கண்டவர்க்கு ஸல்ஸபீல் என்னும் சொல் அயலாகத் தோன்றாது.

இனிக் கல்லின் பெயர்கள். ஸஃபா, மர்வா என்பவை மக்காவில் உள்ள இரு சிறு குன்றுகள். ஸஃபா என்ற சொல்லுக்கு வழுவழுப்பான பாறை என்றும், மர்வா என்ற சொல்லுக்கு வெண்மையான கடுங்கல் என்றும் பொருள் கூறுவர். நீர் வேட்கையால் குழந்தை இஸ்மாயீல் துடித்தபோது அன்னை ஹாஜரா இவ்விரு குன்றுகளுக்கும் இடையே ஏழு முறை ஓடினார் என்பதும், பின்னர் ஜம்ஜம் ஊற்று பெருகிற்று என்பதும் இஸ்லாமிய மரபு. ஹஜ்ஜுக்குச் செல்வோர் இன்றும் அவ்வழி நடக்கின்றனர். பெண் மகவுக்கு மர்வா எனப் பெயரிடும்போது வெறும் கல்லையன்று, குழந்தைக்காக ஓடிய ஒரு தாயின் அடிச்சுவட்டையும் சேர்த்தே சூட்டுகின்றனர்.

நிலப் பெயரைத் தேர்ந்தெடுப்பது பற்றி நபிமொழித் தொகுப்புகளில் ஒரு செய்தி வருகிறது. என் மனத்தை மிகவும் கவர்ந்தது அதுவே. ஹஸ்ன் என்ற பெயருடைய ஒருவர் நபிகள் நாயகத்திடம் வந்தார். அழகைக் குறிக்கும் ஹஸன் வேறு, இது வேறு. நம் எழுத்தில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. ஹஸ்ன் என்றால் கரடுமுரடான நிலம். நம் ஊர்ப் பேச்சில் ‘கரடு’. நபிகள் நாயகம் அப்பெயரை மாற்றி ஸஹ்ல், அதாவது சமவெளி, என வைத்துக்கொள்ளுமாறு கூறினார். வந்தவரோ, தந்தை இட்ட பெயரை மாற்றமாட்டேன் என மறுத்துவிட்டார். அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸையப் மதீனாவின் பேரறிஞருள் ஒருவர். அந்தக் கரட்டுத்தன்மை அதன்பின் எங்கள் குடும்பத்தை விட்டு நீங்கவேயில்லை என்று அவரே சொன்னதாக நூல்கள் கூறுகின்றன. வறண்ட நிலம் என்று பெயர்பெற்ற ஓரிடத்தைப் ‘பசுமை’ எனப் பெயர் மாற்றியதாகவும் ஒரு குறிப்பு உண்டு. ஏழாம் நாளில் மகவின் முடி களைந்து பெயர் சூட்டும் இல்லங்களில் முதியோர், நல்ல பொருளுள்ள பெயராகத் தேடுங்கள் என்று வற்புறுத்துவதன் பின்னணி இதுவே.

இக்கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதன்று. அரபியர் நம் கிழக்குக் கரைக்கு மஅபர் என்று பெயரிட்டனர். கடந்து செல்லும் துறை என்பது பொருள். நம்மவரும் அவர்கள் நாட்டைத் தம் கண்ணால் கண்டனர். 17ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடத் தொடங்கிய உமறுப்புலவர், நாட்டுப் படலத்தில் அரபு நாட்டுக்கு மழையும் மலையருவியும் ஆறும் நெல்வயலும் தந்துவிட்டார்! புவியியல் ஆசிரியர் இதனைப் பிழை என்பார். மருத நிலம் இன்றிக் காப்பிய நாடு அமையாது என்பது தமிழ்ப் புலவரின் துணிபு.

திருமயத்தை அடுத்து, மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு தர்கா இருக்கிறது. பாபா பக்ருத்தீன் என்னும் இறைநேசர் அடங்கிய இடம். கடற்கரை ஊர்கள் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோதுதான் இங்கு வந்தன. திருமயமோ 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு உட்பட்டது. பக்ருத்தீன் என்பது மார்க்கத்தின் பெருமை எனப் பொருள்படும் சீரிய அரபுப் பெயர். சுற்றுப்புற மக்கள் அதனை வழக்கில் கொள்ளவில்லை. காட்டில் அடங்கிய பெரியாரைக் காட்டுபாவா என்றனர். ஊரே காட்டுபாவா பள்ளிவாசல் ஆயிற்று. ரபீஉல் ஆகிர் மாதத்துக் கந்தூரிக்கு எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர். அவர் நினைவாகத் தம் ஆண் மக்களுக்குக் காட்டுபாவா என்று பெயரிடுவோரும் உளர். அகரவரிசைப்படி பெயர் கூப்பிடும் ஆசிரியர் அப்பெயரை முதலில் அழைப்பார்; கௌசர் அதன் பின்னே வரும்.