மூடியா, திறப்பா? பவளத்தொட்டியின் சிறு வரலாறு

ஆனேக்கலில் வீட்டுப் பவளத்தொட்டி அமைக்கும் நண்பர், அதற்கு மூடி வேண்டுமா என வினவினார். 1829இல் இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட், மூடிய புட்டிக்குள் பெரணி முளைத்ததைக் கண்டார். அதிலிருந்து பிறந்த மூடிய கண்ணாடிப் பேழையை வீட்டு நீர்த்தொட்டியின் முன்னோடி எனலாம். 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங் முன்வைத்த முறையோ உயிர்ப்பாறையையும் காற்றுக்குமிழையும் வெயிலையுமே நம்பியது. பின்னாளில் தொட்டிக்கு மேலே உலோக ஹேலைடு விளக்குகள் தொங்கியபோது மூடி இடையூறாயிற்று.

1909இல் திறக்கப்பட்ட சென்னைக் கடல்மீன் காட்சியகத்திற்கு வாசலிலேயே கடல் இருந்தது. ஆனேக்கலோ ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள உள்நாட்டு ஊர். திறந்த தொட்டியில் நீர் ஆவியாகும், உப்பு தங்கும். ஆகவே நாள்தோறும் உப்பற்ற தூய நீரையே சேர்க்கவேண்டும். கண்ணாடி மூடி அதைத் தடுக்கும். ஆனால் வெப்பத்தையும் கரியமில வாயுவையும் உள்ளே தேக்கும். துள்ளும் மீன்களை எண்ணி நான் வலைமூடியையே பரிந்துரைத்தேன்.

பிறகு நான் ஒன்று கேட்டேன்: பவளம் எங்கிருந்து வருகிறது? 2001 முதல் கற்பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் பெயர்த்த துண்டு எனில், மூடியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. நண்பர் இன்னும் விடை சொல்லவில்லை.