ஆளியும் அங்கமும்

மின்னாளியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பொறியின் வளர்ச்சியையே கூறிச் செல்வர். கையியக்கம் குன்றியோர்க்கென அமைந்த ஆளிகளின் வரலாறோ பிறிதொரு வினாவைச் சுற்றி எழுந்தது. ஆளியை எங்கே வைப்பது என்பதே அவ்வினா.

இங்கிலாந்திலே ஏல்ஸ்பரி நகருக்கு அண்மையிலுள்ள ஸ்ரோக் மாண்டவில் வைத்தியசாலையில், 1944ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் முதலாந் தேதி, முண்ணாண் காயமுற்றோர்க்கெனத் தனிப்பகுதியொன்று திறக்கப்பட்டது. ஜேர்மனியை விட்டுப் புகலிடம் தேடிவந்த லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர் அதற்குத் தலைவரானார். அதற்கு முன்னர் இத்தகையோருட் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த்தொற்றாலும் விரைவில் மாண்டனர். இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை நோயாளரைப் புரட்டிப் படுக்கச் செய்து குட்மன் அவர்தம் உயிரைக் காத்தார். உயிர் நிலைத்த பின்னரே, அவ்வுயிர் வாழும் வகை யாது என்னும் கேள்வி பிறந்தது.

கழுத்தின் கீழ்ப்பகுதியிற் காயமுற்றவனுக்குத் தோளும் முழங்கை மடக்கும் எஞ்சியிருத்தல் கூடும், விரல்களோ அசையா. காயம் இன்னும் மேலேறின் தோளும் போய், மூச்சும் தளரும். ஆகவே எல்லார்க்கும் பொதுவான ஓரிடத்தில் ஆளியைப் பொருத்துதல் இயலாதாயிற்று.

அவ்வைத்தியசாலைக்கு நோயாளரைக் காணச் சென்றுவந்த றெஜ் மேலிங் என்பவர், கைகால் அசையாதோர் தாதியரை அழைப்பதற்கு வாயால் ஊதும் ஒரு சீழ்க்கையன்றி வேறொன்றும் இலராயிருத்தலைக் கண்டார். ஒரு மூச்சு ஒலியை எழுப்புமாயின் அதுவே மின்னோட்டத்தையும் திறக்கலாமன்றோ? 1960ஆம் ஆண்டளவில் அவரும் அவருடைய துணைவரும் ஆக்கிய கருவியில், மெல்லிய குழாய் வழியே ஊதுதலும் உறிஞ்சுதலும் ஆளியை இயக்கின. மணி, விளக்கு, வானொலி, தொலைபேசி, தட்டச்சுப்பொறி என்பன ஒன்றன்பின் ஒன்றாக அதனோடு இணைந்தன. கருவியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைத் தழுவிப் 'பொசம்' என்றனர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு 'என்னால் இயலும்' என்பது பொருள். நம் மொழியில் ஆளி என்பது ஆள்பவனையும் குறிக்குமாதலின், அப்பெயரும் இவ்விடத்திற்குப் பொருத்தமுடையதே.

ஆயினும் இடர் ஒன்றிருந்தது. நோயாளனைப் புரட்டும்போதெல்லாம் குழாயும் உடன் திரும்பி உதட்டருகே வந்து நிற்றல் வேண்டும். அது இரண்டு அங்குலம் விலகினும் அவன் ஊமையாவான். குழாய் விலகிற்று என்று சொல்லுதற்கும் அவனுக்கு அக்குழாயே வாயில். இதனாலேதான் ஆளியைத் தாங்கும் வளைகோலும் இறுக்கியும் ஆளிக்கு நிகரான மதிப்புடையன. கருவி வாங்கப் பணம் தேடுவோர் பலர் இவற்றை அற்பமெனக் கருதிவிடுதல் வருந்தத்தக்கது.

வாயும் உதவாத நிலையில் வேறோர் உறுப்பைத் தேடவேண்டியதாயிற்று. ஹிலறி போல் என்னும் ஆங்கிலப் பெண் தசைத்தளர்ச்சி நோயால் பேச்சிழந்து, மூச்சுக்கும் பொறியை நம்பிக் கிடந்தாள். அவளிடத்து எஞ்சிய இயக்கம் கால் பெருவிரலின் அசைவு மாத்திரமே. அதுவும் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு. அவ்விரலருகே ஆளியை வைத்தனர். அவள் கடிதங்கள் எழுதினாள். பிறர்க்கும் அக்கருவி கிடைக்கப் பொருள் திரட்டினாள். அவ்வளவு சிறிய அசைவுக்கு ஆளி மயிரிழை தவறினும் பயனில்லையென்பது வெளிப்படை.

மூளைவாதமுடைய பிள்ளைகளிடத்துச் சிக்கல் வேறு வகையினது. அவர்க்கு அசைவு இல்லாமலில்லை. அடங்காத அசைவே மிகுதி. தலையை ஒருபுறந் திருப்பினால் அப்புறத்துக் கை தானே விறைத்து நீளும் பிள்ளைகள் உளர். ஆளியைப் பக்கத்தில் வைத்து அதனைப் பார்த்து அழுத்து என்றால், பார்வையே கையைக் கெடுத்துவிடும். ஆதலின் முதலில் இடுப்பையும் பாதங்களையும் ஆசனத்தில் நிலைநிறுத்தி, பின்னரே கை, தலை, முழங்கால், பாதம் ஆகியவற்றுள் எது வேண்டியபோது அசைந்து வேண்டியபோது மீளுகின்றது என்று ஆராய்வர். அழுத்துதலிலும் விடுதல் கடினம். விடமுடியாத கை ஆளியின் மேலேயே கிடந்துவிடும். மேசையின் நடுவே ஆளியை வைத்துவிட்டுப் பிள்ளைக்கு அறிவு போதாதென முடிவு கட்டுதல் பெருந்தவறு. அப்பிழையாற் பேச்சிழந்த பிள்ளைகள் தம் குறையைச் சொல்லவும் வழியற்றவர்.

பௌதிக அறிஞர் ஸ்ரீபன் ஹோக்கிங்கின் வாழ்வில் இவ்விடமாற்றம் முழுவதையும் ஒருவரிடத்தே காணலாம். 1985இல் தொண்டையில் நிகழ்ந்த சத்திரசிகிச்சையாற் பேச்சிழந்த அவர், கையிலுள்ள ஆளியை அழுத்தித் திரையில் நகரும் சொற்களைத் தெரிந்தார். அக்காலத்து நிமிடத்திற்குப் பதினைந்து சொல்வரை இயன்றது. கை தளர்ந்தபோது, 2005ஆம் ஆண்டளவில், ஆளி கன்னத்திற்கு மாறியது. மூக்குக்கண்ணாடியிற் பொருத்திய சிறு கருவியொன்று கன்னத் தசையின் துடிப்பைக் கண்ணுக்குப் புலனாகா ஒளியால் உணர்ந்தது. தசை மேலும் நலிய, வேகம் நிமிடத்திற்கு ஓரிரு சொல்லாகக் குறைந்தது. 2011 முதற் பொறியியலாளர் புதிய முறைகளை ஆராய்ந்தனர். எனினும் 2018இல் இறக்கும்வரை அவர் பேசியது அக்கன்னத்தின் துடிப்பாலேயே.