மாணவன் கேட்ட கேள்வியும் செர்னோபில் குழந்தைகளும்

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள். பன்னிரண்டாம் வகுப்பில் தைராய்டு சுரப்பியைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, செர்னோபில் குழந்தைகளைப் பற்றியும் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சார், கட்டியைப் பார்த்தே அது கதிர்வீச்சால வந்ததா, தானா வந்ததான்னு சொல்ல முடியுமா?"

"மரபணுவைப் பார்த்தால் முடியும்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் பாதிதான் சரி என்பது ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

1986 ஏப்ரல் 26 அதிகாலை, சோவியத் உக்ரைனில் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. வெளியே பரவியவற்றில் அயோடின்-131 ஒன்று. எட்டே நாளில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அதற்குள் புல்லில் படிந்து, பசுவின் வயிற்றுக்குப் போய், பாலாகக் குழந்தைகளின் டம்ளருக்கு வந்துவிட்டது. நல்ல அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று தைராய்டுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

அண்டை நாடான போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு உடனே அயோடின் கொடுத்தது. சோவியத் அரசோ 28-ஆம் தேதி மாலை வரை வாய் திறக்கவில்லை. மே 1 அன்று கீவ் நகரில் ஊர்வலமும் வழக்கம்போல் நடந்தது.

1992-இல் கசாக்கோவ், டெமிட்சிக் முதலிய பெலாரஸ் மருத்துவர்கள், குழந்தைகளிடம் தைராய்டு புற்றுநோய் பெருகுவதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மேல்நாட்டு நிபுணர்கள் சிலர் நம்பவில்லை. இவ்வளவு சீக்கிரம் வராது, தேடித் தேடிச் சோதிப்பதால்தான் கண்ணில் படுகிறது என்றார்கள். மருத்துவர்கள் சொன்னதுதான் உண்மை என்று பிறகு உறுதியானது.

இனி மரபணுவுக்கு வருவோம். தானாக வரும் தைராய்டு புற்றுநோயில் அடிக்கடி காணப்படுவது 'பிராஃப்' என்ற மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை. அச்சுக்கோப்பவர் ஓர் எழுத்தை மாற்றிக் கோத்த மாதிரி. செர்னோபில் குழந்தைகளிடம் அதிகம் தெரிந்தது வேறு வகை. டிஎன்ஏ இழை அறுந்து, 'ரெட்' போன்ற ஒரு மரபணுவின் துண்டு இன்னொன்றோடு தவறாக ஒட்டிக்கொள்கிறது. புத்தகத்தின் பக்கம் கிழிந்து, வேறொரு பக்கத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டது போல.

இதைத்தான் கதிர்வீச்சின் கையெழுத்து என்று நினைத்தேன். ஆனால் கதிர்வீச்சே படாத சிறுவர்களின் கட்டிகளிலும் இந்த ஒட்டு உண்டு. அப்படியானால் காரணம் வயதா, கதிர்வீச்சா?

1998-இல் தொடங்கிய செர்னோபில் திசு வங்கி அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைச் சேமித்து வைத்தது. அதிலிருந்து உக்ரைனைச் சேர்ந்த 440 பேரின் கட்டிகளை ஆராய்ந்த கட்டுரை 2021-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. 359 பேர் விபத்தின்போது குழந்தைகளாகவோ கருவிலோ இருந்தவர்கள். 81 பேர் அயோடின் அழிந்த பிறகு பிறந்தவர்கள். கதிர்வீச்சின் அளவு கூடக்கூட, இழை அறுந்து ஒட்டும் கோளாறும் கூடியிருந்தது. ஆனால் கதிர்வீச்சுக்கு மட்டுமே உரிய தனி அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை.

விபத்தின்போது 18 வயதுக்குட்பட்டிருந்தவர்களில், 1991 முதல் 2015 வரை 19,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் வந்தது என்கிறது ஐ.நா. குழுவின் கணக்கு. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்குக் கதிர்வீச்சு காரணம். ஆனால் அந்த நாலில் ஒருவர் யார் என்று கட்டி சொல்லாது. "என் பிள்ளைக்கு அந்தப் பாலால்தான் வந்ததா?" என்று கேட்கும் தாய்க்கு மருத்துவரால் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது.

தம்பி, நீ எங்கிருக்கிறாயோ தெரியாது. உனக்கும் ஐம்பது நெருங்கியிருக்கும். கூட்டத்தைப் பார்த்தால் சொல்ல முடியும், ஒருவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.